வளவுக்குள் மரநாய்: நாம் எதற்கு இங்கே இருக்கிறோம்?

வளவுக்காரன் (கானாடுகாத்தான் பக்கம்)

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பழைய வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்த மன்றத்தில் சிலர் இருப்பது தெரியும். அவர்களைத்தான் முதலில் கேட்கிறேன். "அங்கே உட்கார்ந்து என்ன பண்றீங்க" என்று பிள்ளைகள் போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் "வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்பேன். அது பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு. முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் எல்லோரும் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுதான்.

போன வாரம் ராத்திரி கரண்ட் போய்விட்டது. பட்டாசாலைக் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். அடுப்படிப் பக்கம் ஏதோ உருண்டது. திருடன் என்றுதான் நினைத்தேன், எங்கள் பக்கம் பூட்டிய வீட்டுக்குத் திருடன் வருவது நகைக்காக இல்லை, நிலைக்கதவுக்கும் மங்கு சாமானுக்கும். டார்ச்சை அடித்தால் வளவு முற்றத்து நடுவில், ஆத்தங்குடித் தரைக்கல் மேல் ஒரு பிராணி. பூனையை விட நீளம், சாம்பலும் கறுப்புமாக உடம்பு, உடம்பு அளவுக்கு வால், கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியது மாதிரி கறுப்பு. பழுக்கட்டும் என்று ஓலைக் கொட்டானில் காகிதம் சுற்றி வைத்திருந்த சப்போட்டாவில் ஒன்றை எடுத்து வந்து தின்றுகொண்டிருந்தது.

ஓடவில்லை. என்னைப் பார்த்தது. "நீ யார்" என்று கேட்பது போல இருந்தது என்று எழுதினால் கதையாகிவிடும், அப்படியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சப் பழத்தைத் தின்று முடித்து, தோலை அங்கேயே விட்டுவிட்டு, தேக்குத் தூணில் நகத்தைப் பதித்து நேராக மேலே ஏறி ஓட்டுச் சந்தில் போய்விட்டது. பின்னால் புதுச்சோறு வடித்தது மாதிரி ஒரு வாசனை கொஞ்ச நேரம் நின்றது. விடிந்ததும் அந்தத் தூணைப் போய்ப் பார்த்தேன். புதுக் கீறலுக்குக் கீழே பழைய கீறல்கள், தூசி ஏறி மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டவை, எத்தனையோ. அதாவது வருஷக்கணக்காக அதுவோ அதன் தாயோ பாட்டியோ ஏறி இறங்குகிற பாதை அது. நடுவில் வந்து பாயைப் போட்டவன் நான்.

அதிலிருந்து ஒரு யோசனை விடமாட்டேன் என்கிறது. இந்த வீட்டை எங்கள் பாட்டையா பர்மாவில் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் கட்டினார். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, எல்லாம் கப்பலில் வந்தவை. பிள்ளைகள் எல்லோருக்கும் கல்யாணம் இந்த வளவில் நடக்க வேண்டும், ஆயிரம் பேர் பந்தியில் உட்கார வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. 1930க்கு அப்புறம் வந்த மந்தத்தில் கொடுத்த கடன் காசாகத் திரும்பவில்லை, நிலமாக வந்து விழுந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், ஆள் தப்பித்து வந்ததே பெரிது என்று ஆயிற்று. பிறகு நிலமும் போயிற்று. வீட்டுக்கு ஒரு நோக்கம் வைத்துக் கட்டினார். அந்த நோக்கம் பேரன் காலத்திலேயே தீர்ந்துவிட்டது. வீடு தீரவில்லை. இப்போது வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதை முழுசாகப் பயன்படுத்துவது ஒரு மரநாய்தான்.

மனுஷனுக்கும் அப்படித்தானோ? எதற்காக என்று நாம் நினைத்துக்கொண்டு ஓடுகிறோமோ அது ஒன்று, நம்மால் உண்மையில் நடப்பது வேறொன்று என்று இருக்குமோ? அறுபது தாண்டினவனுக்கு வருகிற சாதாரணக் குழப்பம்தான் என்றால் அதையும் சொல்லுங்கள்.

புதுவயல் பையன்

கரண்ட் போன ராத்திரி, பெரிய வீடு, தனி ஆள், கண்ணு ரெண்டு மின்னுது. அண்ணே, நானாக இருந்தால் நோக்கமாவது கீக்கமாவது, விடியறதுக்குள்ள காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இருந்திருப்பேன்.

நேமம் கார்டு

அது புனுகுப் பூனை. நீங்கள் சொல்கிற வாசனையே அதற்குச் சாட்சி. அதன் சுரப்பியிலிருந்து எடுக்கிற வாசனைப் புனுகு என்ன விலை போகிறது தெரியுமா? திருப்பதியில் பெருமாளுக்கே வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு அப்புறம் புனுகுத் தைலம்தான் சாத்துகிறார்கள். மகாலட்சுமி வீடு தேடி வந்திருக்கிறாள், கூண்டு வைத்துப் பிடியுங்கள்.

கண்மாய்க்கரை (திருப்பத்தூர் பக்கம்)

தயவுசெய்து யாரும் கூண்டெல்லாம் வைக்காதீர்கள். முதலில், அது புனுகுப் பூனை இல்லை. புனுகுப் பூனை தரையில் திரிவது, வாலில் வளையம் வளையமாகப் பட்டை இருக்கும், தூணில் ஏறி ஓட்டுக்குள் போகிற ரகம் அல்ல. அண்ணன் பார்த்தது மரநாய்தான்: முகத்தில் முகமூடி, வாலில் வளையம் கிடையாது, மரம் ஏறுவதில் கெட்டி. மரநாய்க்கும் வாசனைச் சுரப்பி உண்டு, அதனால்தான் அந்தச் சோற்று வாசனை. இரண்டுமே 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. பிடித்தால் லட்சுமி வரமாட்டாள், வனத்துறைதான் வரும்.

நாய் என்று பெயர் இருந்தாலும் நாயும் இல்லை, பூனையும் இல்லை. பெரிதானால் மூன்று நான்கு கிலோ இருக்கும். பகலெல்லாம் பொந்தில் தூக்கம், ராத்திரி தனியாகத் திரியும். எலி, பூச்சி தின்னும், ஆனால் முக்கியமாகப் பழம். பனையில் கட்டிய கலயத்தில் இறங்கிக் கள் குடிக்கும், மரம் ஏறுகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பழத்தை விதையோடு விழுங்கி, விதையை முழுசாக வெளியே போட்டுவிடும். அண்ணே, மொட்டை மாடியில் போய்ப் பாருங்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு வைத்திருக்கும், விதையெல்லாம் ஒட்டிக் காய்ந்து கடலை மிட்டாய் உடைத்துப் போட்டது மாதிரி கிடக்கும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதுக்குப் பொந்துள்ள பெரிய மரம் வேண்டும். நம் பக்கம் அது எங்கே இருக்கிறது? கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேலம், மேட்டு நிலமெல்லாம் தைலமரம். பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பியாயிற்று. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல்தான் வேளாண் பட்ஜெட்டில் சொன்னார்கள், அதற்குள் போனது போனதுதான். பொந்து போனது, ஓட்டுச் சந்து கிடைத்தது, வந்துவிட்டது. அது உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தது என்று நினைத்தால் தப்பு. வேறு போக்கிடம் இல்லாமல் வந்தது.

வளவுக்காரன்

மாடியில் போய்ப் பார்த்தேன் தம்பி. நீங்கள் சொன்ன அதே இடம், அதே கோலம், வடகிழக்கு மூலைக் கைப்பிடிச் சுவர் மேல். சப்போட்டா விதை கறுப்பாகப் பளபளவென்று, நாவல் கொட்டை, வேப்பங்கொட்டை, இன்னும் சின்னதாக எனக்குத் தெரியாத ஏதோ. கொஞ்சம் தள்ளி, தரை விரிசலில் ரெண்டு இலை விட்ட கன்று ஒன்று நிற்கிறது.

புதுவயல் பையன்

பாட்டையா வீடு கட்டினார், மரநாய் தோட்டம் போடுது.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி வளவுக்காரன், நீங்கள் என்னை விடச் சின்னவராகத்தான் இருக்க வேண்டும், அதனால் உரிமையோடு சொல்கிறேன். "நான் எதற்குப் பிறந்தேன்" என்று கேட்பதற்கு முதலில் காபி நேரத்துக்குக் கைக்கு வர வேண்டும். அது வருகிறவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனார், சரி. மூன்று வருஷ ஏற்பாடு, கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள். அந்த மூன்று வருஷமும் இந்த ஊர்களில் இருந்தது யார்? பெண்டுகள்தான். வெளுக்க விடுவதிலிருந்து நெல் அவிக்கிறது வரைக்கும், கிணறு வற்றினால் ஊருணிக்கு ஆள் அனுப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குப் பல்வலி, பங்காளி வீட்டுச் சாவு, எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள். வளவைச் சுற்றி அறை அறையாகக் கட்டியிருக்கிறீர்களே, கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் உள் வீடும் வெளி வீடுமாக, அதில் மனிதர்கள் வாழ்ந்ததை விடச் சாமான்தான் அதிகம் வாழ்ந்தது. அதை எண்ணி வைத்தது யார்?

என் அப்பத்தா எழுதிய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. மூக்குத்தி அளவுக்குப் பொடி எழுத்து. வெண்கலப் பானை பெரிசு 4. சிறிசு 7. கைபிடி உடைந்தது 1, ஈயம் பூசக் கொடுத்தது. அடுக்குச் சட்டி மூடியோட 2. இப்படிப் பக்கம் பக்கமாகப் போகும். நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும், எந்தச் சாமானுக்கும் பக்கத்தில் இல்லாமல், "மழை" என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான், தேதிகூட இல்லை. அவள் எதற்கு அதை எழுதினாள் என்று நான் சின்ன வயதிலிருந்து யோசிக்கிறேன். அவளுக்கு நோக்கம் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்த "மழை" எனக்குக் கணக்கில் சேராத வார்த்தையாக நிற்கிறது.

வளவுக்காரன்

ஆச்சி, காபி விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இப்போது நானேதான் போட்டுக்கொள்கிறேன், இருந்தாலும் கேள்வி வருகிறது, அது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று. எங்கள் வீட்டுப் பெண்டுகள் எண்ணி வைத்த பாத்திரமெல்லாம் இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தொங்குகிறது. பங்காளிகளில் இருவர் தங்கள் பங்கை விற்றார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் வீட்டு இட்லிப் பானையைச் செடி வைக்க வாங்கிப் போனதை நானே பார்த்தேன். எண்ணியது வீணா ஆச்சி? வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீண் இல்லை என்றால், எதனால் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. நான் கேட்பது அதுதான்.

பள்ளத்தூர் ஆச்சி

எண்ணின நாளில் பாத்திரம் இருந்தது, சோறு வெந்தது, சாப்பிட்டார்கள். எண்பது வருஷம் கழித்து அதில் எவன் செடி வைத்தால் அவளுக்கென்ன?

தேவகோட்டை ரஸ்தா

என் வயது 28. பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறேன். அம்மாவும் தினமும் அதே கேள்விதான் கேட்கிறார், "அப்புறம் என்னதான் பண்ணப் போறே" என்று. அதனால் இது அறுபது தாண்டினவர்கள் கேள்வி மட்டும் இல்லை ஐயா.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மிருகத்தைப் பார்த்தவுடன் "ஆகா, அதுக்குக் கவலை இல்லை, கேள்வி இல்லை, இருக்கிறது, அவ்வளவுதான்" என்று உருகுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் கொஞ்ச தூரம் போயிருக்கிறீர்கள். கண்மாய்க்கரை அண்ணன் சொன்னதைப் படித்தால் அந்த மரநாய் நிம்மதியாக இல்லை, வீட்டை இழந்து உங்கள் அடுப்படியில் திருடித் தின்கிறது. ஓடாமல் நின்றது துணிச்சலாலா, பசியாலா? நாம் அதன் முகத்தில் நமக்கு வேண்டிய பதிலை எழுதிக்கொள்கிறோம். வேலை செய்த இடத்தில் இதே வித்தையை எங்கள் மேலும் காட்டினார்கள், "உங்கள் நோக்கத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று மாதம் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வாரம் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அதிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுக்கு நோக்கம் தீர்ந்துவிட்டது, மனுஷனுக்கும் தீர்ந்துவிடுமா என்றீர்கள். வீடு கேள்வி கேட்காது. மரநாயும் கேட்காது. கேட்கிறது நாம்தான். அதனால் இரண்டிடமிருந்தும் நமக்குப் பாடம் வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேமம் கார்டு

ஆறறிவு எதற்குக் கொடுத்தான் என்று தெரியாதவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை. பிறவியின் நோக்கம் பிறவி அறுப்பது. சைவம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மரநாய் தன் வினையை அனுபவிக்கிறது, நாம் நம் வினையை. பிள்ளையார்பட்டிக்கு ஒரு தரம் நடந்து போய்விட்டு வந்தால் எல்லாம் சரியாகும்.

புதுவயல் பையன்

அண்ணே, காலையில் அதைப் பிடித்துப் புனுகு எடுக்கச் சொன்னீங்க, சாயங்காலம் அது வினையை அனுபவிக்குதுன்னு சொல்றீங்க.

கண்மாய்க்கரை

தேவகோட்டைத் தம்பிக்கு. மிருகத்திடமிருந்து பாடம் எடுக்க முடியாது என்பதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மிருகத்தைப் பார்த்து நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு.

எங்கள் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கும் முந்தியே பறவை வந்துகொண்டுதான் இருந்தது. மழை பெய்து கண்மாய் பெருகிய வருஷம் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று மரம் வெள்ளையாகிவிடும். பறவை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்து வருஷமாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வருஷா வருஷம் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள், வனத்துறையிலிருந்து இனிப்பு கொடுக்கிறார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே சொந்தக்காரர் வீட்டில் தீபாவளி. எனக்கு அழுகை. பக்கத்து ஊரில் வெடிச் சத்தம் கேட்கிறது, இங்கே கம்பி மத்தாப்புகூட இல்லை. அந்த வீட்டுப் பெரியவரிடம் ஏன் என்று கேட்டேன். "குஞ்சு இருக்குல்ல" என்றார், மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விளக்கமெல்லாம் கிடையாது.

அந்தப் பறவைக்கும் அவருக்கும் என்ன கணக்கு? எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பார்கள், அது உண்மைதான், ஆனால் உரத்துக்காக மட்டும் ஒரு ஊரே பிள்ளைகளை அழவிடாது. மனுஷனுக்கு நோக்கம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. இன்னொன்றுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனுஷனால் முடிகிறது. மரநாயால் அது முடியாது, பழத்தைப் பார்த்தால் தின்றுவிடும்.

கொத்தனார் மகன் (ஆத்தங்குடி ரோடு)

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு அந்த விரிசலில் நிற்கிற கன்றுதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு நோக்கம் இருக்கிறதோ இல்லையோ, ஓட்டுக்கு இருக்கிறது. தண்ணி உள்ளே வரக் கூடாது. நாட்டு ஓடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காகப் போட்டிருப்பார்கள், மரநாய் போய்வருகிற வழியில் ரெண்டு ஓடு விலகினால் போதும், ஒரு ஐப்பசி மழையில் ஓடுகளைத் தாங்குகிற கைமரம் ஊறிவிடும். தேக்கு உடனே கெடாது, அதனால் யாருக்கும் தெரியாது, தெரிகிற அன்றைக்குக் கூரைச் சட்டமே இறங்கியிருக்கும். மாடி விரிசலில் நிற்பது வேம்போ நாவலோ ஆனாலும் விடக் கூடாது, ஆலோ அரசோ ஆனால் இன்னும் மோசம், வேர் சுவருக்குள் எங்கெங்கோ போகும். ரெண்டு இலையில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். எடுத்த இடத்தில் சிமெண்டை அப்பாதீர்கள், இதுதான் எல்லோரும் செய்கிற அநியாயம். பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர், ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும். சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புக் காரைதான் போட வேண்டும்.

அப்புறம் நோக்கம் பற்றி, கேட்டதால் சொல்கிறேன். என் அப்பா இந்த வீடுகளில் பூச்சு வேலை பார்த்தவர், அவர் அப்பாவும் அதே. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணி சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள். வேலை நடக்கிறபோது வீடு முழுக்க அவர்கள் கையில். கல்யாணத்தன்று முகப்பு தாண்டி உள்ளே போனது கிடையாது. யார் மேலேயும் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. ஆயிரம் பேர் பந்தியில் உட்கார வேண்டும் என்று பாட்டையா நினைத்தார் என்றீர்களே, அந்த ஆயிரத்தில் பூசினவர்கள் இல்லை.

ஆனால் அப்பா வயதான பிறகு, ஏதாவது வீட்டில் ரிப்பேருக்கு நான் போனால் கூட வருவார். வேலையைப் பார்க்க மாட்டார். அவரோ அவர் அப்பாவோ பூசின சுவரைத் தேடிப் போய், உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டு நிற்பார். சித்திரை வெயிலிலும் அது சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "போலாம்" என்பார். யாருடைய வீடு, யாருக்குக் கல்யாணம், பர்மா போச்சா இருக்கா, எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. சுவர் இன்னும் நன்றாக இருக்கிறதா என்பது மட்டும்தான்.

தேவகோட்டை ரஸ்தா

அண்ணே, இந்த இழையில் இதுவரை எழுதியதில் எனக்குப் புரிந்தது இதுதான். அந்த வேலையை யாராவது இப்போது கற்றுக்கொடுக்கிறார்களா? சும்மா கேட்கவில்லை.

கொத்தனார் மகன்

கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது, கற்றுக்கொள்ளத்தான் இல்லை. 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து ஓட்டல்காரர்கள் பழைய வீட்டை எடுத்துச் சரிபண்ணுகிறார்கள், வேலை இருக்கிறது. ஆனால் தம்பி, கணினியில் உட்கார்ந்த கை, சுண்ணாம்பு தோலை உரிக்கும். முதல் மாதம் சோற்றைப் பிசைய முடியாது. அதுக்குத் தயார் என்றால் தனிமடலில் வாருங்கள்.

வளவுக்காரன்

எல்லோரும் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தேவகோட்டைத் தம்பி சொன்னதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மரநாயிடம் பாடம் கேட்கிறேன் என்று நான் நினைக்கவில்லை. அதுக்கு நிம்மதி என்றும் சொல்லவில்லை. அந்த ராத்திரியில் எனக்கு உறைத்தது இன்னொன்று: நான் இல்லாதபோது வீடு காலியாக இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். "பாழடைஞ்சு கிடக்கு" என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அது யாருக்குப் பாழ்? மாடத்தில் புறா, வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் பல்லியும் தேளும், கிணற்றில் தவளை, மேலே இது. நான் வந்து உட்கார்ந்தால்தான் வீட்டுக்கு அர்த்தம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? பாட்டையாவிடமிருந்து வந்திருக்கலாம். அவர் ஊர் பார்க்கக் கட்டினார், நான் என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொத்தனார் மகன் எழுதியதைப் படித்துவிட்டு நானும் போய் வளவுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருக்கிறது. யார் பூசியது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டையா பெயர் முகப்பில் கல்லில் வெட்டியிருக்கிறது.

பங்காளிகள் குழுவில் மரநாய்ப் படத்தைப் போட்டேன். ஆஸ்திரேலியாவில் இருக்கிற தம்பி மகன், கேமரா வாங்கி அனுப்புகிறேன், ராத்திரி வருவதைப் பதிவு பண்ணுங்கள் பெரியப்பா என்கிறான். இதுவரை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத பையன். இன்னொரு பங்காளி, இந்தச் சாக்கில் ஓட்டல்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்கிறார். மூன்றாவது ஆள் வனத்துறைக்குப் போன் பண்ணிப் பிடித்துப் போகச் சொல் என்கிறார்.

கண்மாய்க்கரை

பிடித்துப் போய் வேறு இடத்தில் விட்டால் அங்கே அதுக்கு இடம் தெரியாது, இங்கே காலியான சந்துக்கு இன்னொன்று வரும். பலன் இல்லை. அது வெளியே போன நேரம் பார்த்து, நீங்கள் புழங்குகிற பக்கத்து ஓட்டைகளை மட்டும் கம்பி வலை போட்டு அடையுங்கள். ஆனால் குட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று குட்டி உள்ளே இருந்து நீங்கள் அடைத்துவிட்டால் பெரிய பாவம், தாய் ஓடுகளையெல்லாம் பிய்த்து எறிந்துவிடும். பகலில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டால் அடைக்காதீர்கள், கொஞ்ச மாதம் பொறுங்கள். பழம் வைத்துப் பழக்காதீர்கள், அன்புதான் என்றாலும் வேண்டாம்.

கொத்தனார் மகன்

வலை அடிக்கிறதுக்கு முன்னால் நான் ஒரு தரம் வந்து ஓடுகளைப் பார்க்கிறேன் ஐயா. கடைசிக் கட்டு ஓடு தனிக் கூரைதானே? அந்தப் பக்கம் ஒரு சந்தை விட்டுவிட்டு, கீழே தகரம் ஒன்று சாய்த்துக் கொடுத்தால் தண்ணி வெளியே போய்விடும், அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். முன் வளவுக்கு வராமல் இருந்தால் தூணும் பிழைக்கும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். தேவகோட்டைத் தம்பி தனிமடல் போட்டிருக்கிறார், அவரையும் கூட்டி வருகிறேன், கை உரிகிறதா இல்லையா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

வளவுக்காரன்

வாருங்கள். இரண்டு பேரும் வளவிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் வாருங்கள்.

கொத்தனார் மகன்

சாப்பாடு யார் சமைக்கிறது?

வளவுக்காரன்

நான்தான்.

பள்ளத்தூர் ஆச்சி

பாவம் அந்தப் பிள்ளைகள். தம்பி, என்றைக்கு என்று சொல்லுங்கள், நான் இங்கிருந்து சாப்பாடு கொடுத்தனுப்புகிறேன். இன்னொன்று, ஓட்டுமேல் ஆள் ஏறும்போது அடுப்படிப் பரணையும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாதிரிப் பரணில் பானைகள் கவிழ்த்து வைத்து மறந்துபோயிருப்பார்கள். விற்றவர்கள் கண்ணில் படாதது ஏதாவது இருந்தால் எண்ணி எழுதி வையுங்கள்.

நேமம் கார்டு

புனுகு இல்லை என்பது உறுதிதானே?

கண்மாய்க்கரை

உறுதி.